யூதிப்ரோவின் வினா

கிரேக்க ஞானி பிளேட்டோ இயற்றிய 'யூதிப்ரோ' என்னும் உரையாடல் அளவிற் சிறிது, வினாவிற் பெரிது. தந்தைமேற் கொலைவழக்குத் தொடுக்க வந்த யூதிப்ரோ, தன் செயல் தெய்வங்கட்கு உவப்பான அறமே என்கின்றான். சாக்ரடீஸ் வினவுகின்றார்: தெய்வங்கள் உவத்தலால் ஒன்று அறமாகின்றதோ, அறமாதலால் அதனைத் தெய்வங்கள் உவக்கின்றனவோ?

முன்னதைக் கொள்ளின், கொடுமையும் தெய்வம் உவந்தால் அறமாய் முடியும். மறுதலையைச் செய்யினும் அப்புகழே உரித்தாமெனின், இறைவனைச் செய்தது பற்றிப் புகழ்தல் எற்றுக்கு என 1686-இல் லைப்னிட்ஸ் கடாவியதும் இதுபற்றியே. பின்னதைக் கொள்ளின், அறம் இறைவனுக்குப் புறம்பாய் நின்று அவனையும் கட்டுப்படுத்தும்.

இவ்விரண்டே வழி என்பார், இறைவனும் நன்மையும் இருவேறு பொருளென முன்னரே கொண்டு வாதிக்கின்றனர். அக்கோள் நிறுவப்பட்டதன்று. நன்மை இறைவனின் இயல்பேயாயின், அஃது அவன் ஆணையாற் பிறந்ததுமன்று, அவனுக்குப் புறம்பானதுமன்று. 13-ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸ் கொண்டது இதுவே. அருளைச் சிவத்தின் வேறாகாச் சத்தியெனக் கொள்ளும் சைவர்க்கும் இவ்விடை புதிதன்று.

ஆயினும், இதனால் யூதிப்ரோ உய்ந்தானல்லன். நன்மை இறைவன் இயல்பென்றல் வேறு. தான் செய்வது நன்மையென்றல் வேறு. பின்னதற்கு ஏது காட்டாமலே அவன் விரைந்து அகல்கின்றான். ஆராயாது தன் செயலைத் தெய்வத்தின்மேல் ஏற்றுவோன், தன் விருப்பையே தெய்வமாக்குகின்றான். உரையாடல் விடையின்றி முடியினும், இவ்வுண்மையைப் புலப்படுத்தியே முடிகின்றது என்க.