காரும் கடனும்: அச்சேபேயின் லாகோஸ்

சினுவா அச்சேபேயின் 'நோ லோங்கர் அற் ஈஸ்' நைஜீரியா சுதந்திரமடைந்த 1960ஆம் ஆண்டிலேயே வெளிவந்தது. இலஞ்சம் வாங்கிய இளம் அதிகாரி ஒருவனின் ஒழுக்க வீழ்ச்சியைக் கூறும் நாவல் என்றே அது பெரும்பாலும் அறிமுகப்படுத்தப்படுகிறது. அவ்வாறு நோக்குவது, நாவலின் தொடக்கத்தில் வரும் நீதிபதியின் பார்வையை நாமும் ஏற்பதாகும். படித்தவன் இதை ஏன் செய்தான் என்று வியக்கின்ற அவருக்கு, அப்படிப்பின் விலை தெரியாது.

அவ்விலை 800 பவுண். லாகோஸில் குடியேறிய உமுவோபியாக் கிராமத்தவரின் முன்னேற்றச் சங்கம் கடனாகத் திரட்டிக் கொடுத்த தொகை அது. இங்கிலாந்திலிருந்து மீளும் ஓபி, ஐரோப்பியர் வகித்துவந்த உயர் சேவைக்குள் நுழைகிறான். மாதச் சம்பளம் 47 பவுண் 10 சிலிங். சங்கத்துக்கு 20, பெற்றோருக்கு 10 போக எஞ்சுவதிலேதான் வருமான வரி, மின்கட்டணம், தம்பியின் பள்ளிக் கட்டணம், கார்க் காப்புறுதி யாவும் அடங்கவேண்டும். கதாசிரியர் இக்கணக்கை அலுக்காமல் மீண்டும் மீண்டும் எழுதுகிறார். நாவலின் உண்மையான கதைப்பின்னல் அதுவே எனலாம்.

காரை விற்றுவிடலாமே என்று வாசகர் எண்ணக்கூடும். ஆனால் மொறிஸ் ஒக்ஸ்போர்ட் ஓபிக்கு மாத்திரம் உரியதன்று. வரவேற்புக் கூட்டத்திற்கு வெறுஞ் சேர்ட்டுடன் வந்து, எளிய ஆங்கிலத்திற் பேசியபோதே அவன் தன்னூரவரை ஏமாற்றிவிட்டான். சிற்றூழியம் செய்து பணம் கொடுத்தவர்கள், தமக்குக் கிட்டாத அந்தஸ்தை அவனுடைய காரிலும் இக்கோயி மாடிவீட்டிலும் காண விரும்பினர். பதவியும் அதையே எதிர்பார்த்தது. கார் வாங்க முற்பணம் தந்ததும் அரசாங்கமே. கிராமமும் குடியேற்ற ஆட்சியும் ஒரே அளவுகோலைக் கையிற் கொண்டிருந்தன என்பது மனங்கொளத்தக்கது. தாயின் மரணச் சடங்கிற்கு இயன்றதெல்லாம் அனுப்பியும், உயர் பதவியிலுள்ள மகனுக்கு அது போதாது என்றே ஊர் பேசுகிறது.

எனினும் எனக்கொரு குறை உண்டு. அச்சேபே சங்கத்தவரைப் பெரும்பாலும் கூட்டத்திலேயே காட்டுகிறார். அவர்கள் எங்கே உறங்கினர், தத்தம் பங்கை எதைக் குறைத்துச் சேர்த்தனர் என்பவற்றை நாவல் விரித்துரைப்பதில்லை. ஓபியின் கணக்குச் சிலிங் வரை நமக்குத் தெரியும். அவனுக்குக் கடன் கொடுத்தவர்களின் கணக்கோ ஒரு வரிகூடத் தெரியாது. சிறைக்குப் போவதானாலும் வெறும் 20 பவுணுக்கா என்று அவர்கள் நொந்துகொள்ளும் இடத்தில் நாம் எளிதாகச் சிரித்துவிடுவதற்கும் அதுவே காரணம்.