தணிகைக் கல்கண்டும் எட்டு வேற்றுமைகளும்

அரக்கோணத்திலிருந்து திருத்தணி சுமார் 13 கிலோமீட்டர். ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுத்து நடந்தே போகிறவர்கள் எங்கள் பக்கம் நிறைய. அந்தக் காவடிக் குழுக்களுக்கு மெட்டுக்கேற்பச் சொல் கட்டித் தருகிறவன் என்ற அளவில்தான் எனக்கும் பாட்டுக்கும் உறவு. அந்த உறவினாலேயே, தணிகை மலையைப் பற்றிய ஒரு கதையைச் சீர்தூக்கிப் பார்க்க வேண்டும் என்று நெடுநாள் எண்ணம். கர்நாடக இசை மேதை முத்துசுவாமி தீட்சிதர் அங்கே தியானத்தில் இருந்தார். முதியவர் ஒருவர் வந்து, வாயைத் திறக்கச் சொல்லிக் கல்கண்டைப் போட்டு மறைந்தார். வந்தவன் முருகன் என்று உணர்ந்த கணத்தில் 'ஸ்ரீநாதாதி குருகுஹோ' பிறந்தது. அதுவே அவருடைய முதல் கீர்த்தனை. கதை இவ்வளவுதான்.

முதலில் சாட்சி. தீட்சிதரின் வரலாற்றை அச்சில் ஏற்றியவர் சுப்பராம தீட்சிதர். நூல், 1904-இல் எட்டயபுரத்தில் வெளிவந்த 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி'. அவர் பிறந்தது 1839-இல். தீட்சிதரோ 1835-இலேயே மறைந்துவிட்டார். ஆனாலும் இந்தச் சாட்சியை லேசாகத் தள்ள முடியாது. சுப்பராமரைத் தத்தெடுத்துப் பாடம் சொல்லி வளர்த்தவர், முத்துசுவாமியின் உடன்பிறந்த தம்பி பாலுசுவாமி. (நம் இசைக்கு வயலினைக் கொண்டுவந்தவர் என்று போற்றப்படும் அதே பாலுசுவாமிதான்.) அண்ணனுக்கும் அச்சுக்கும் நடுவே நிற்பவர் ஒரே ஒருவர். கோயில் தலபுராணங்களுக்குக்கூட இவ்வளவு நெருங்கிய வழி கிடைப்பதில்லை.

அடுத்தது பாட்டு என்ன சொல்கிறது என்பது. பல கதைகள் பாட்டின் சொல்லிலிருந்தே முளைத்தவை. எட்டயபுரத்துப் பஞ்சத்தில் மழை பொழிவித்ததாகச் சொல்லப்படும் அமிர்தவர்ஷிணிக் கீர்த்தனை மழையை வாய்விட்டே கேட்கிறது. அங்கே நிகழ்ச்சியிலிருந்து பாட்டு வந்ததா, பாட்டிலிருந்து நிகழ்ச்சி வந்ததா என்று பிரிக்க வழியில்லை. 'ஸ்ரீநாதாதி'யில் அந்தச் சிக்கல் இல்லை. அதில் கல்கண்டு இல்லை, முதியவர் இல்லை, தணிகையின் பெயர்கூட இல்லை. ஆகவே இந்தக் கதை சாகித்தியத்தைப் பார்த்துப் புனைந்ததாக இருக்க முடியாது. வேறு வழியில் வந்தது. பெரும்பாலும் குடும்பத்தின் நினைவிலிருந்து. இது கதைக்குச் சாதகம்.

பாதகமும் இருக்கிறது. தெய்வம் வாயிலோ நாவிலோ எதையாவது வைக்க, உடனே கவி பெருகுவது நம் நாட்டில் பழகிய அச்சு. சம்பந்தருக்கு ஞானப்பால், காளமேகத்துக்குத் தாம்பூலம், அருணகிரிநாதருக்கு நாவில் வேல். அந்த வரிசையில் கல்கண்டு எளிதாகப் போய் உட்கார்ந்துவிடுகிறது.

ஆனால் என்னை உண்மையில் நிறுத்தி யோசிக்க வைப்பது பாட்டின் கட்டுமானம். அதன் ராகமான மாயாமாளவகௌளை, புரந்தரதாசர் காலந்தொட்டுக் குழந்தைக்கு முதல் பாடம் சொல்லித்தரும் ராகம். அந்த ராகப் பெயரைச் சாகித்தியத்துக்குள்ளேயே நெய்திருக்கிறார். முருகனைக் குறிப்பதும் தீட்சிதரின் முத்திரையுமான குருகுஹன் என்ற பெயர் இதில் முதல் வேற்றுமையில் நிற்கிறது. அடுத்து ஆனந்தபைரவியில் இரண்டாம் வேற்றுமை, பாடியில் மூன்றாவது, சாமாவில் நான்காவது என்று நடந்து, விளி வேற்றுமையோடு வரிசை நிறைவடைகிறது. முதல் ராகத்தில், முதல் வேற்றுமையில் தொடங்குகிறவர் எங்கே போகிறோம் என்று தெரிந்தே தொடங்குகிறார். போதாததற்கு, சிதானந்தநாதன் என்று ஸ்ரீவித்யா தீட்சையில் பெற்ற பெயரையும் பல்லவியிலேயே வைக்கிறார். காசியில் குரு சிதம்பரநாத யோகியோடு கழித்த ஆண்டுகள் அந்தப் பெயருக்குள் இருக்கின்றன. ஒரு பல்லவியை மெட்டில் உட்கார வைக்கவே திணறுகிறவன் நான். இந்த வேலையைப் பார்க்கும்போது இனிப்பு நினைவுக்கு வரவில்லை. தகப்பனார் ராமசுவாமி தீட்சிதரிடம் கற்ற பாடமும், இசை இலக்கண ஆசிரியர் வேங்கடமகியின் வழியும், வீணையில் தேய்ந்த விரல்களும்தான் நினைவுக்கு வருகின்றன.

'முதல் பாட்டு' என்ற பட்டமும் ஆட்டம் காண்கிறது. ஆங்கிலேயர் கோட்டையின் பேண்டு வாத்தியத்தைக் கேட்டு மேனாட்டு மெட்டில் எழுதிய நோட்டுஸ்வரங்களை மரபு, தணிகைக்கு முன் அவர் சென்னை அருகே மணலியில் இருந்த நாட்களோடு சேர்த்துச் சொல்கிறது. அவற்றுள் ஒன்றான 'சியாமளே மீனாட்சி'யில் குருகுஹ முத்திரை இருக்கிறது. அது தணிகைக்கு முந்தியதென்றால், தணிகைப் பாட்டு முதல் பாட்டும் இல்லை, முத்திரை தணிகையில் பிறக்கவும் இல்லை. பிந்தியதென்றால் மணலிக் கதை தளர்கிறது. இரண்டையும் ஒருசேர நம்ப முடியாது.

என் முடிவு இது. தீட்சிதர் தணிகைக்குப் போனார், அங்கே ஏதோ ஒன்று அவருக்குள் உறுதிப்பட்டது என்பதை ஏற்கிறேன். வைத்தீஸ்வரன்கோயில் முத்துக்குமாரசாமியின் பெயரையே தாங்கியவர் குருவையும் குமரனையும் ஒன்றாகக் கண்ட இடம் தணிகையாக இருப்பது பொருத்தம். கல்கண்டைப் பக்தியின் மொழியாக மட்டுமே ஏற்பேன். அந்தப் பாட்டு எப்படி உருவானது என்பதற்கு அதை விளக்கமாகச் சொன்னால் மறுப்பேன், அந்த விளக்கம் ஒரு மனிதரின் இருபது முப்பது ஆண்டு உழைப்பை ஒரே நொடியில் அழித்துவிடுவதால். கச்சேரியிலும் கதாகாலட்சேபத்திலும் இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் தொடர்ந்து சொல்லட்டும். சொல்லி முடித்ததும், 'ஸ்ரீநாதாதி'யோடு நிறுத்தாமல், இரண்டாம் வேற்றுமையையும் பாடட்டும்.