எழுத்துருவும் அதிகாரமும்: ஒரு கள அறிக்கையை முன்வைத்து

தொண்ணூறுகளில் வந்து நின்றுபோன ஒரு தலித் சிற்றிதழின் கட்டுரைகளைத் தொகுக்கும் வேலை சென்ற ஆண்டு என்னிடம் வந்தது. இதழை நடத்திய தோழர் இப்போது இல்லை. அவர் வீட்டில் கிடைத்தவை கரையான் தின்ற நான்கு இதழ்களும் ஒரு குறுந்தகடும். தகட்டில் எல்லாம் இருக்கிறது என்றார் அவருடைய மகள். இருந்தது உண்மைதான். தமிழாக இல்லை.

எல்லாம் பேஜ்மேக்கர் கோப்புகள். அந்த மென்பொருளின் கடைசிப் பதிப்பு 2001இல் வந்தது. பிறகு அதை வளர்ப்பாரில்லை. என் கணினியில் அக்கோப்புகளைத் திறந்தது லிப்ரே ஆபீஸ். யாரோ சில தன்னார்வலர்கள் உட்கார்ந்து, விற்றவர்களே கைவிட்ட கோப்பு வடிவத்தைப் பிரித்து ஆராய்ந்து வழி செய்திருக்கிறார்கள். பக்க அமைப்பு குலைந்தாலும் திறந்தது. திறந்தால், முழுக்க ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும். ஜே, கே, பி, ஓ, பிறகு ஓர் அரைப்புள்ளி: இதுதான் ‘தமிழ்’. பாமினி எழுத்துருவில் அடித்தது. கணினி அறிந்தது ஜே என்ற ஆங்கில எழுத்தின் எண்ணை மட்டும். அதன்மேல் ‘த’வின் படத்தை ஒட்டியது எழுத்துரு. உரித்துவிட்டால் அடியில் தமிழே கிடையாது. நம் மூத்தவர்கள் ஆண்டுக்கணக்கில் தமிழில் எழுதியதாக நம்பிக்கொண்டிருக்க, எந்திரம் அதை அர்த்தமற்ற ஆங்கிலமாகச் சேமித்துக்கொண்டிருந்தது. அதிலும் கடைக்கொரு எண் வரிசை. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாடு டாம், டாப் என்று பொதுக் குறியீடுகளை முன்வைத்த பிறகும் அவரவர் வரிசை அவரவர்க்கு என்றுதான் போனது.

பாமினியை யூனிகோடாக மாற்றும் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. போட்டேன். அரை நிமிடத்தில் தமிழ் வந்துவிட்டது. சந்தோஷமாகப் படித்துக்கொண்டே போனவன் ஓரிடத்தில் முட்டி நின்றேன். ‘ஆயசஒ சொல்வதுபோல’ என்றிருந்தது. யாருடா இந்த ஆயசஒ? கொஞ்சம் கழித்துத்தான் உறைத்தது, மார்க்ஸ். அந்தக் காலத்து வழக்கப்படி பெயரை ஆங்கிலத்தில் அடித்திருக்கிறார்கள். எது ஆங்கிலம், எது தமிழ் வேடம் போட்ட ஆங்கிலம் என்று மாற்றும் கருவிக்குத் தெரியாது, அத்தனையையும் மாற்றிவிட்டது. (நமது கோட்பாட்டுக் கட்டுரைகள் பலவற்றுக்கு இதனால் பெரிய சேதமில்லை என்றும் தோன்றியது.)

சிரிப்பு அடுத்த கட்டுரையில் நின்றது. தென்மாவட்டக் கிராமம் ஒன்றில் நடந்த சாதித் தாக்குதலை விசாரித்த கள அறிக்கை அது. சாட்சிகளை மறைக்க, பெயர்களுக்குப் பதில் ஆங்கிலத் தனி எழுத்து போட்டிருந்தார்கள். மாற்றியபோது கே என்பது ‘மு’ ஆகிவிட்டது, ஆர் என்பது ‘சு’. ‘மு. சொன்னதாவது’ என்று வாசிக்கிற ஊர்க்காரர் என்ன நினைப்பார்? முருகனா, முத்துவா, முனியம்மாளா? ஒளித்து வைக்கப் போட்ட எழுத்து ஆளைக் காட்டும் எழுத்தாகிவிட்டது, அதுவும் தவறான ஆளை. மார்க்ஸ் ஆயசஒ ஆனால் தாங்கிக்கொள்வார். இந்தச் சாட்சிகள் இன்னும் அதே ஊரில் இருக்கிறார்கள்.

இதழை அடித்துக்கொடுத்த அக்காவை மதுரையில் தேடிப் பிடித்தேன். டைப்ரைட்டிங் ஹையர் முடித்துவிட்டு டிடிபிக்கு வந்தவர். ஆங்கில எழுத்துக் குப்பையாக நான் அச்செடுத்துப் போன தாளை வாங்கி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, “இத எதுக்குத் தம்பி மாத்துறீங்க, அப்படியே படிக்கலாமே” என்றார். படித்தார், தடங்கல் இல்லாமல், விசைப்பலகை விரலில் இருந்ததால். “இங்கிலீஷ் வர்ற இடமெல்லாம் ஃபாண்ட மாத்தி மாத்தி அடிக்கணும். அண்ணன்கிட்டச் சண்டை போட்டிருக்கேன்.” இதழின் கடைசிப் பக்கத்தில் ‘ஒளியச்சு’ என்று ஒரு கடையின் பெயர் இருக்கிறது. இவர் பெயர் எங்குமில்லை.

அதே இதழ்களில் மொழி நடுநிலையானதல்ல, எழுத்துக்குள் அதிகாரம் செயல்படுகிறது என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். நான் அவற்றைப் படித்து வளர்ந்தவன், கிண்டல் செய்யவில்லை. ஆனால் பிரதியைக் கட்டுடைத்தவர்கள், அந்தப் பிரதி எந்தக் கருவியில், யார் கையால், யாருடைய எண் வரிசையில் உண்டாகிறது என்று ஒருமுறைகூடக் கேட்கவில்லை. மென்பொருள் அவர்களுக்குப் பேனா மாதிரி. பேனா தீர்ந்தால் எழுதியது மறைந்துவிடுமா என்ன? இங்கே மறைந்தது.

யூனிகோடு இதைத் தீர்த்ததா? பெரும்பாலும். 1991இலேயே அதில் தமிழுக்கு இடமிருந்தது. ஆனால் அந்த இடம் இந்திய அரசின் இஸ்கி குறியீட்டை ஒட்டி, நாகரியை மாதிரியாகக் கொண்டு அமைந்தது. தொல்காப்பியத்துக்கு மெய் அடிப்படை, புள்ளி அதன் இயல்பு. அகரம் சேர்ந்தால்தான் ‘க’. யூனிகோட்டில் ‘க’தான் அடிப்படை, ‘க்’ என்பது அதற்குப் பின்னால் புள்ளியின் எண்ணைச் சேர்த்தது. ‘ந’வுக்கு அடுத்து ‘ன’, ‘ர’வுக்கு அடுத்து ‘ற’. வெறும் எண்படி அடுக்கினால் அகராதியே கலைந்துபோகும். தமிழ் எம்.ஏ. படித்தவனுக்குக் கோபம் வரத்தான் செய்யும். எழுத்துக்கொரு தனி எண் தரும் டேஸ்-16ஐ யூனிகோட்டோடு சேர்த்துத் தமிழக அரசு 2010இல் ஏற்றதன் பின்னால் இந்தக் கோபமும் உண்டு. இருக்கட்டும். வரிசைக் கோளாறை ஒரு நிரல் சரிசெய்துவிடும். ஒரு கடைக்காரரின் எண் வரிசைக்குள் அடைபட்ட அறிக்கையை எந்த இலக்கணம் மீட்கும்? யூனிகோட்டின் எண்கள் பகிரங்கமானவை. எனக்கு அது போதும்.

அந்தப் பேஜ்மேக்கர் காசு கொடுத்து வாங்கியதல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். திருட்டுப் பிரதி போடுவதையே பன்னாட்டு மூலதனத்துக்கு எதிரான கலகமாகப் பேசியவர்கள் உண்டு. பணம் தராததால் விடுதலையாகிவிட்டோம் என்று நினைப்பு. கை அதற்குப் பழகிவிட்டது, எழுத்து அதன் வடிவத்தில் உறைந்துவிட்டது. பூட்டை உடைத்து உள்ளே போய், உள்ளேயே தங்கிவிட்ட கதை. 1983இல் குனு திட்டத்தை அறிவித்த ஸ்டால்மன் வலியுறுத்தியது விலையில்லா மென்பொருளை அல்ல. அதை ஓட்டவும் பிரித்துப் படிக்கவும் மாற்றவும் பகிரவுமான உரிமையை. நானும் யோக்கியனில்லை. 2011இல் தொடங்கிய அரசுத் திட்டத்தில் எனக்குக் கிடைத்த மடிக்கணினியில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. சினிமா வைக்க இடம் வேண்டும் என்று லினக்ஸை அழித்தேன். வகுப்பில் பாதிப் பேர் அதைத்தான் செய்தோம்.

இப்போது தோழர்கள் எந்த மென்பொருள் நல்லது என்று கேட்டால் வசதிகளைப் பற்றிப் பேசுவதில்லை. நீங்களும் இல்லாமல், விற்ற நிறுவனமும் இல்லாமல் போனால், இதை இன்னொருவர் திறக்க முடியுமா என்று கேட்கிறேன். இன்று பலர் செல்பேசியிலேயே எழுதி, யாருடைய சர்வரிலோ வைக்கிறார்கள். யூனிகோடுதான், சரி. கணக்கு முடங்கினால்? வெறும் உரைக் கோப்பாக ஒரு பிரதி கையில் இருக்கட்டும்.

அறிக்கையின் முதல் பாதியை அக்காவின் பழைய கணினியில், எழுத்துருவோடு திறந்து சரிபார்த்துவிட்டோம். எது ஆங்கிலக் கே, எது தமிழ் ‘மு’ என்பதை எழுத்துருவின் பெயர் காட்டிக்கொடுத்தது. இரண்டாம் பாதியை மட்டும் யாரோ இடம் மிச்சம் பிடிக்க, எழுத்துருவை உதிர்த்துச் சேமித்திருக்கிறார்கள். அந்த இதழின் அச்சுப் பிரதியும் கிடைக்கவில்லை. வாக்கியப் போக்கை வைத்து அக்கா ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தார். இரண்டு இடங்களில் அவராலும் முடியவில்லை. தொகுப்பில் அந்த இரண்டு இடங்களிலும் கோடு மட்டும் இருக்கும்.