நீர்க்கட்டி என்றொரு சொல்

ஆரணியில் பட்டுத்தறி ஓடும் வீடுகளுக்கும் அந்தச் சொல் வந்துவிட்டது. மாதவிலக்கு நான்கு மாதம் தள்ளிப்போன பதினேழு வயதுப் பெண்ணை ஸ்கேனுக்குக் கூட்டிப்போகிறார் அம்மா. ‘நீர்க்கட்டி இருக்கு’ என்கிறார்கள். அம்மாவின் அடுத்த கேள்வி: ‘நாளைக்குக் கொழந்த நிக்குமா?’

அவை கட்டிகளே அல்ல. முதிர்ந்து வெடிக்க வேண்டிய சினைமுட்டைப் பைகள் பாதியில் நின்றுபோயிருக்கின்றன. கரைக்க அங்கே எதுவுமில்லை. 1935-இல் சிகாகோவில் ஸ்டீனும் லெவன்தாலும் ஏழு பெண்களைப் பற்றி எழுதியதிலிருந்து நோய் சினைப்பையோடு ஒட்டிக்கொண்டது. சினைப்பையில் ஒரு துண்டை வெட்டியெடுப்பதே அவர்களது வைத்தியம். 2003-இல் ரோட்டர்டாமில் வகுத்த அளவுகோல்படி ஒழுங்கற்ற மாதவிலக்கு, ஆண்ட்ரோஜன் மிகுதி, ஸ்கேனில் தெரியும் மாற்றம் ஆகிய மூன்றில் இரண்டு போதும். ‘கட்டி’ தெரியாமலும் பி.சி.ஓ.எஸ். இருக்கலாம். பெயரையே மாற்றச் சொல்லி அமெரிக்க தேசிய நலவாழ்வு நிறுவனம் கூட்டிய குழு 2012-இல் பரிந்துரைத்தது. வளரிளம் பெண்களுக்கு ஸ்கேனை வைத்து முடிவு செய்யக் கூடாது என்கிறது 2023-இன் சர்வதேச வழிகாட்டி. அந்த வயதில் பலருக்கும் சினைப்பை அப்படித்தான் இருக்கும். அப்படியானால் இந்தப் பெண்ணுக்கு எடுத்த ஸ்கேன் யாருடைய பதற்றத்துக்காக?

நடப்பது ரத்தத்தில். பலருக்கு உடல் இன்சுலினுக்குச் சரியாக இணங்குவதில்லை. கணையம் மேலும் சுரக்கிறது. அந்த மிகை இன்சுலின் சினைப்பையை ஆண்ட்ரோஜன் சுரக்கத் தூண்டுகிறது. ஆண்ட்ரோஜனைப் பிடித்துவைக்கும் புரதத்தைக் கல்லீரல் தயாரிப்பதையும் குறைக்கிறது. முகத்தில் முடி, பரு, முட்டை வெளிவராமல் போவது எல்லாம் இதன் தொடர்ச்சி. ஒல்லியானவர்களுக்கும் வரும். ‘ஆண் ஹார்மோன்’ என்பது இன்னொரு அரைகுறைப் பேச்சு. எல்லாப் பெண்ணுடலிலும் ஆண்ட்ரோஜன் சுரக்கிறது. ஈஸ்ட்ரோஜன் உருவாவதே அதிலிருந்துதான். தாடையில் நாலு முடி வந்தவளுக்குப் பாதி வெட்கத்தை அந்தப் பெயரே கொடுத்துவிடுகிறது.

அப்புறம் அறிவுரை: ‘நல்லா நடம்மா, எடையைக் குறை.’ தவறில்லை. ஆனால் சேலைக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் வீட்டில், குழித்தறியை விட்டு எழுந்தால் கூலி தள்ளிப்போகிறது. தறியில் உட்காராத நேரம் தார் சுற்றவும் அடுப்படிக்கும் போய்விடுகிறது. எந்நேரம் நடப்பது என்று யாரும் கேட்பதில்லை. விலக்கை வரவழைக்க மாத்திரை எழுதுகிறார்கள். பின்னாளில் நீரிழிவு வரும் ஆபத்து கூடுதல் என்றோ, வருடக்கணக்கில் விலக்கு ஒழுங்காக வராவிட்டால் கருப்பையின் உட்சுவர் தடித்துப் புற்றுநோய் வரை போகலாம் என்றோ சொல்பவர் குறைவு. சர்க்கரைப் பரிசோதனை பல சீட்டுகளில் இருப்பதில்லை. ‘மத்ததெல்லாம் கல்யாணத்துக்கு அப்புறம் பாத்துக்கலாம்’ என்பது மட்டும் வாய்மொழியாக வந்துவிடுகிறது.