பாட்டும் பிறர் துயரும்

பிறர் துயரைப் பாடுதல் பாட்டின் பழந்தொழில்களுள் ஒன்று. பறம்பு மலையை மூவேந்தர் முற்றியதும் பாரி மாண்டதும் ஆகிய செய்தியைப் புறநானூறு இரு குரல்களில் காத்து வைத்திருக்கிறது. ஒன்று, தந்தையையும் குன்றையும் இழந்த பாரி மகளிரின் குரல். மற்றொன்று, பாரியின் நண்பராகிய கபிலரின் குரல். மகளிர் தம் இழப்பைத் தாமே பாடினர். கபிலர் நண்பனின் இழப்பைப் பாடினார். ஆயினும் பாடியதோடு அவர் அமையவில்லை. அம்மகளிரை உடனழைத்துச் சென்று, அவர்களுக்கு நல்வாழ்வு தேடி வேளிர்தம் வாயில்களில் நின்றார். பாடிய துயரின் சுமையிலும் தோள் கொடுத்தார் என்பது ஈண்டுக் கருதத்தக்கது.

இவ்விரு குரல்களுக்கும் அப்பால் மூன்றாவது குரல் ஒன்றுண்டு. அது அயலானின் குரல். துயருற்றவனும் அல்லன்; துயருற்றவனின் உறவினனும் அல்லன். எங்கோ நிகழ்ந்த போரைச் செய்தியாகக் கேட்டு, அதனைப் பாட்டாக்கி, மேடையேற்றிப் பெயரும் பொருளும் பெறுபவன். இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இம்மூன்றாவது குரல் உலகெங்கும் ஓங்கி ஒலித்தது. அதனை ஒலித்தவை பெரும்பாலும் மேலைநாட்டு 'ராக்' இசைக்குழுக்கள். அயலான் பாடலாமா? பாடினால் எம்முறையில் பாடுவது அறம்? இவ்வினாக்கள் மேலைநாட்டார்க்கு மட்டும் உரியன அல்ல. சயாம் மரண ரயிலுக்குத் தன் மக்களைப் பறிகொடுத்த பேராக் மாநிலத் தோட்டப்புறத்திற்கும் உரியவை.

நற்பயன் விளைந்த நிகழ்ச்சி ஒன்றை முதலில் நோக்கலாம். 1971-ஆம் ஆண்டு ஆகஸ்டு 1-ஆம் நாள், கிழக்கு வங்காள அகதிகளுக்காக நியூயார்க் நகரில் ஓர் இசைநிகழ்ச்சி நடந்தது. அதனை வேண்டியவர் சித்தார் மேதை ரவிசங்கர். முன்னின்று நடத்தியவர் 'பீட்டில்ஸ்' குழுவினராக இருந்த ஜார்ஜ் ஹாரிசன். ரவிசங்கர் வங்காளக் குடும்பத்தில் பிறந்தவர். அவருடன் சரோத் இசைத்த அலி அக்பர் கான் கிழக்கு வங்காள மண்ணிலேயே பிறந்தவர். ஆகவே அம்மேடையில் அயலானுக்கு முன்பாக உறவினர் அமர்ந்திருந்தனர் எனலாம். திரட்டிய பொருள் யூனிசெஃப் வழியாக அகதிகளுக்கென ஒதுக்கப்பட்டது. இசைத்தட்டு வருவாயின் பெரும்பகுதி வரிச்சிக்கலில் அகப்பட்டுப் பல ஆண்டுகள் தாமதமாயிற்று. அவ்விசைத்தட்டின் உறையில் பசியால் மெலிந்த ஒரு குழந்தையின் படம் அச்சாயிற்று. பாடியோரின் பெயர்களை உலகம் அறியும். அக்குழந்தையின் பெயரை அறிந்தார் இலர். அறச்செயலாகவே எண்ணிச் செய்யப்பட்ட ஒன்றிலும் துயருற்றவர் பெயரற்ற உருவமாகிவிடுவதை இதனால் அறியலாம்.

இதற்கு நேர்மாறான நிலை 1978-இல் இங்கிலாந்தில் தோன்றியது. மான்செஸ்டர் வட்டாரத்தைச் சேர்ந்த ஒரு குழு தன் பெயரை 'ஜாய் டிவிஷன்' என மாற்றிக்கொண்டது. நாஜி வதைமுகாமில் பெண்கள் பாலியல் அடிமைகளாக வைக்கப்பட்டிருந்த பகுதிக்கு ஒரு நாவல் தந்த பெயர் அது. அந்நாவலை எழுதியவர் ஆஷ்விட்ஸ் முகாமில் வதைபட்டு மீண்டவர். அவர் தம் வேதனைக்குச் சான்றாக எழுதிய சொல்லை, அதிர்ச்சி தரும் அடையாளமாக இளைஞர் சிலர் எடுத்துக்கொண்டனர். அக்குழுவின் இசையில் ஆழம் உண்டென்பதைத் திறனாய்வாளர் பலரும் ஒப்புவர். ஆயினும் இசையின் ஆழம் பெயரின் குற்றத்தைத் துடைத்துவிடாது. அப்பெண்களின் துயரைப் பேசுவதற்காக அச்சொல் அங்கு வரவில்லை; குழுவிற்கு ஓர் அணியாக வந்தது.

நெடிது நோக்குதற்குரியது 'யூ டூ' என்னும் அயர்லாந்துக் குழுவின் நிகழ்ச்சி. பொஸ்னியாவின் சரயேவோ நகரம் 1992 முதல் 1996 வரை முற்றுகைக்கு உள்ளாகியிருந்தது. 1993-ஆம் ஆண்டு ஐரோப்பாவெங்கும் இசைப்பயணம் செய்த இக்குழு, சரயேவோவில் இருந்த பில் கார்ட்டர் என்னும் அமெரிக்கரின் துணையோடு, முற்றுகைக்குள் சிக்கியவர்களைச் செயற்கைக்கோள் வழியே மேடைத் திரையில் பேச வைத்தது. ஆயிரக்கணக்கானோர் ஆடிப்பாடும் அரங்கில், குண்டுவீச்சின் நடுவே வாழ்ந்தவர்கள் சில நிமிடம் தோன்றிப் பேசினர். லண்டன் வெம்ப்ளி அரங்கில் அவ்வாறு தோன்றிய பெண்கள், நீங்கள் எங்களுக்காக ஒன்றும் செய்யப் போவதில்லை, பாட்டுக்குத் திரும்பி எங்களை மறந்துவிடுவீர்கள், நாங்கள் இறந்துபோவோம் என்னும் கருத்துப்பட நேரே கூறினர். அரங்கு திகைத்தது. பத்திரிகைகளும் கண்டித்தன. அதன்பின் அவ்விணைப்பு கைவிடப்பட்டது.

இந்நிகழ்ச்சியைக் குழுவின் தோல்வியென்றே பலர் எழுதினர். கூர்ந்து நோக்கின், அந்த இசைப்பயணத்திலேயே உண்மை மிக்க நேரம் அதுவே எனலாம். துயருற்றவர் பாடுபொருளாக அடங்கியிராமல், பாடுவோனை எதிர்த்துப் பேசும் வாய்ப்பை அங்குப் பெற்றனர். குழுவும் அச்சொல்லைக் கேளாதது போல் கடந்துவிடவில்லை. 1995-இல் 'மிஸ் சரயேவோ' என்னும் பாடலை வெளியிட்டது. முற்றுகையின் நடுவே அந்நகரப் பெண்கள் நடத்திய அழகிப் போட்டியும், தங்களைக் கொல்ல விடாதீர் என்ற பொருளில் அவர்கள் ஏந்திய பதாகையும் அப்பாடலுக்கு அடிப்படை. பின்னர் 1997 செப்டம்பரில், போர் ஓய்ந்த சரயேவோவுக்கே சென்று அக்குழு பாடியது. முதலில் அம்மக்களைத் தன் மேடைக்கு இழுத்தது; பின்னர் அவர்களுடைய ஊருக்குத் தானே சென்றது. இவ்விரண்டிற்கும் இடையே உள்ள தொலைவே அயலான் கபிலரை நோக்கி நடக்க வேண்டிய தொலைவு.

இனித் தமிழர் ஒருவரின் இசையைக் காண்போம். 'எம்.ஐ.ஏ.' என்னும் பெயரில் பாடும் மாதங்கி அருள்பிரகாசம் 1975-இல் லண்டனில் பிறந்து, யாழ்ப்பாணத்தில் வளர்ந்து, 1986-இல் அகதியாக மீண்டும் லண்டன் சேர்ந்தவர். 2005-இல் வந்த முதல் இசைத்தொகுப்பிற்குத் தந்தையின் இயக்கப் பெயராகிய 'அருளர்' என்பதையும், 2007-இல் வந்த அடுத்த தொகுப்பிற்குத் தாயின் பெயராகிய 'கலா' என்பதையும் சூட்டினார். இவரைப் பாரி மகளிர் வரிசையில் வைப்பதா, அயலார் வரிசையில் வைப்பதா? பிறப்பாலும் இளமைப் பட்டறிவாலும் மகள். புகழும் வாழ்வும் அமைந்த இடத்தால் பாதி அயலார். இவ்விரு நிலையும் அவருடைய படைப்பில் மோதிக்கொள்கின்றன. பெற்றோர் பெயரைச் சூட்டியபோது துயர் ஒரு குடும்பத்தின் வரலாறாயிற்று. புலியுருவையும் துப்பாக்கியையும் வண்ணக்கோலமாக அடுக்கியபோது அதே துயர் உடையலங்காரம் போலாயிற்று. இலங்கையில் தமிழ் இளைஞர் சுட்டுக் கொல்லப்படும் ஒளிப்பதிவு 2009-இல் உலகின் முன் வந்தது. மறு ஆண்டு இவர் வெளியிட்ட 'பார்ன் ஃப்ரீ' பாடலின் படத்தில், செம்முடி வெள்ளை இளைஞர்கள் வேட்டையாடப்படுவதாகக் காட்சி அமைந்தது. மேலைநாட்டான் தன் பிள்ளையின் முகத்தை அங்குக் காண நேர்ந்தது. அது கலையின் வெற்றி. தமிழ் இளைஞனின் முகம் அங்கு இல்லாமற் போயிற்று. அது அவ்வெற்றிக்குக் கொடுத்த விலை.

பெயரும் முகமும் இத்துணை முதன்மை பெறுவது ஏன்? தொல்காப்பியம் அகத்திணையில் ஒருவர் பெயரைச் சுட்டிக் கூறலாகாது என விதித்தது. காதல் எவர்க்கும் பொது. அங்குப் பெயர் வேண்டா. புறத்திணைக்கு அவ்விலக்கு இல்லை. போரில் வீழ்ந்தவன் இன்ன ஊரான், இன்னான் என்று சொல்லப்பட வேண்டும். இவ்வெல்லையில் நம் முன்னோர் காட்டிய கவனத்திற்கு நெடுநல்வாடை சான்று. பாண்டியரின் அடையாளமாகிய வேம்பு சுட்டப்பட்டமையால் அதனைப் புறமென்றார் நச்சினார்க்கினியர். ஓர் அடையாளப் பூவே பாட்டின் திணையை மாற்றவல்லது என்று கருதிய மரபு, உண்மை மனிதரைப் பாட்டுக்குள் கொணர்வதை எளிய செயலாக எண்ணியிருக்க இயலாது. மேற்கண்ட குழுக்களின் பிழையை இவ்வளவையால் விளக்கலாம். புறத்திற்குரிய போர்த்துயரை எடுத்து, அகத்திற்குரிய பெயரின்மையில் அவை கரைத்துவிட்டன. அதனால் குறிப்பிட்ட ஒருவரின் மரணம் பொதுவான ஒரு சோக உணர்ச்சியாக மாறிற்று.

இக்கேட்டினை மலேசியத் தமிழர் தம் அனுபவமாகவே அறிவர். 1942-43-இல் ஜப்பானியப் படை சயாமையும் பர்மாவையும் இணைக்க 415 கிலோமீட்டர் ரயில்பாதை அமைத்தது. ஏற்றுமதி நின்று ரப்பர்த் தோட்டங்கள் முடங்கிய காலம் அது. வேலையும் அரிசியும் இன்றித் தவித்த தோட்டத்து மக்கள், முதலில் ஆசைகாட்டியும் பின்னர் வலிந்து பிடித்தும் ஏற்றிச் செல்லப்பட்டனர். பாதையில் உழைத்த போர்க்கைதிகள் 60,000-க்கு மேற்பட்டோர்; அவருள் 12,000-க்கு மேல் மாண்டனர். ஆசியத் தொழிலாளருள் மாண்டவர் ஏறத்தாழ 90,000 என்பது பலரும் கூறும் மதிப்பீடு. மலாயாத் தோட்டங்களின் தமிழர் அவருள் பெருந்தொகையினர். கைதிகளின் கல்லறைகள் காஞ்சனபுரியில் வரிசையாகப் பெயர் தாங்கி நிற்கின்றன. பேராக்கிலேயே தைப்பிங் போர்க்கல்லறைத் தோட்டத்தில் வீரர்களுக்குக் கல் உண்டு. காலராவிலும் பட்டினியிலும் காட்டில் விழுந்த தோட்டத் தொழிலாளிக்குத் தனிக்கல் இல்லை, பெயர்ப்பட்டியும் இல்லை. உடல் வந்து சேராமையால் ஒப்பாரிக்கு இடமில்லை. நாள் தெரியாமையால் திதிக்கும் வழியில்லை.

இத்துயரை உலகம் எவ்வாறு கேட்டது? 1957-இல் வந்த 'குவாய் நதிப் பாலம்' என்னும் திரைப்படத்தின் வழியாகக் கேட்டது. பிரெஞ்சுக்காரர் பியர் பூலின் கற்பனை நாவலைத் தழுவிய அப்படம் இலங்கையில் எடுக்கப்பட்டது. ஏழு ஆஸ்கார் விருதுகளைப் பெற்றது. அதில் கைதிகள் சீழ்க்கையடித்து நடக்கும் மெட்டு, 1914-இல் இயற்றப்பட்ட ஓர் ஆங்கிலேய அணிவகுப்பு இசை. அப்பாதையின் பெயரைக் கேட்டதும் உலகோர் பலரின் நினைவில் எழுவது அந்த மெட்டு. தமிழ்த் தொழிலாளிக்கு அக்கதையில் இடமில்லை. ஒரு மெட்டு ஆயிரமாயிரம் பெயர்களை மூடிவிட்டது. 'ராக்' குழுக்களின் பிழைக்கு முன்னோடி இதுவே.

பிறரைக் குறை கூறியதோடு நிறுத்துதல் நேர்மையாகாது. தமிழ் மேடைகளிலும் இவ்வணிவேலை நடந்து வருகிறது. 'இரத்தமும் வியர்வையும் சிந்திய முன்னோர்' என்னும் தொடர் தேர்தல் மேடைக்கும் பரிசளிப்பு விழாவிற்கும் ஒன்றுபோல் பயன்படுகிறது. எந்தத் தோட்டத்து முன்னோர், எவர் மகன், எந்த முகாம் என்னும் வினாக்கள் எழுவதில்லை. 'ஒரு சிலிப்பர் கட்டைக்கு ஓர் உயிர்' என்னும் வழக்கும் அத்தகையதே. ஒரு கிலோமீட்டர் பாதைக்கு ஆயிரத்திற்கும் மேற்பட்ட கட்டைகள் வேண்டும். முழுப்பாதைக்கு நான்கு இலட்சத்தையும் கடக்கும். மாண்டோர் தொகையோ ஏறத்தாழ ஓரிலட்சம். அவ்வுவமை உணர்ச்சியைக் கிளர்த்தும், சான்றாக நில்லாது. மறுக்க விரும்புவோர்க்கு மிகைக்கூற்றே முதற்படைக்கலம். உள்ளபடி சொல்லினும் நெஞ்சைப் பிளக்கும் செய்திக்கு மிகை எதற்கு?

சான்றாக நிற்கும் எழுத்திற்கு எடுத்துக்காட்டு பேராக்கிலேயே உண்டு. ஈப்போவை அடுத்த பாப்பான் சிற்றூரில் போராளிகளுக்கு மருத்துவம் பார்த்தமைக்காக 1943-இல் கைதாகி, ஜப்பானிய இராணுவக் காவலரிடம் சித்திரவதைப்பட்டவர் சிபில் கார்த்திகேசு. 1948-இல் மறைந்த அவருடைய நினைவுநூல் 1954-இல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. இடம், நேரம், செய்தவன், செய்தது என ஒவ்வொன்றும் குறிக்கப்பட்டிருத்தலே அந்நூலின் வலிமை. தமிழில் ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' ஆகிய நாவல்கள், உலகத் திரைப்படம் விட்ட இடத்தில் தோட்டத் தமிழனை மீண்டும் நிறுத்தின. கற்பனை மாந்தர் வழியே பேசினும், தொழிலாளிக்கு ஊரும் உறவும் சொல்லும் கொடுத்தன. ஆகவே கற்பனை பகையன்று. துயருற்றவனை மனிதனாக நிறுத்துகிறதா, கொடியாக உயர்த்துகிறதா என்பதே உரைகல்.

சரயேவோப் பெண்கள் திரையில் தோன்றி எதிர்த்துப் பேச முடிந்தது. மரண ரயிலுக்குச் சென்றவர் அவ்வாறு பேசும் காலம் ஏறக்குறைய முடிந்துவிட்டது. சென்று மீண்டோருள் எஞ்சியோர் மிகச் சிலர். தோட்டங்களும் பெரும்பாலும் செம்பனைக்கும் குடியிருப்புக்கும் இடம்விட்டன. மக்கள் ஈப்போ, சுங்கை சிப்புட், தெலுக் இந்தான் எனப் பிரிந்து போயினர். தமிழ்ப்பள்ளிகள் பலவற்றின் பெயர்களில் மட்டும் அத்தோட்டங்கள் இன்னும் வாழ்கின்றன. அப்பள்ளிகளில் பயிலும் மாணவர் மரண ரயிலைப் பற்றி நாளை கவிதை எழுதலாம். 'ராப்' இசையிலும் பாடலாம். வடிவம் எதுவாயினும் தடையில்லை. எழுதுமுன் தம் பள்ளியின் பெயருக்குரிய தோட்டத்திலிருந்து சயாம் சென்றவர் எவரெனப் பாட்டியரையும் முதியோரையும் கேட்டு, கிடைக்கும் பெயர்களைக் குறித்துக்கொள்ளுதல் வேண்டும். ஒரே ஒரு பெயர் கிடைத்தாலும் அப்பாட்டு அவருக்குக் கடன்பட்டதாகும். அக்கடனை உணர்ந்து பாடுபவன் அயலான் ஆகான்.