பூச்சியத்துக்கு மேலே நிற்கும் தீர்வுகள்

எல்லை மதிப்புக் கணக்கு ஒன்றுக்குத் தீர்வு உண்டு என்று நிறுவுவதோடு மிகைத் தீர்வுகளைத் தேடும் துறை நிறைவடைவதில்லை. முனைகளுக்கு நடுவே அந்தத் தீர்வு எங்கும் பூச்சியத்தைத் தொடக்கூடாது என்றும் கேட்கிறது. கேள்வி இயற்பியல் கொடுத்தது. 1927-இல் தாமஸும் ஃபெர்மியும் தனித்தனியே அணுவுக்கு எழுதிய சமன்பாடு தொடக்கப் புள்ளியிலேயே முடிவிலிக்கு ஓடுகிறது. எலெக்ட்ரான் அடர்த்தியோ குறை எண்ணாக முடியாது. கலக்கக் கலக்க இளகும் பாய்மங்களின் கணக்கில் சிக்கல் இன்னும் கூடுதல். தேடும் சார்பே பகுதியில் இருக்கிறது. முனையில் அது பூச்சியமானால் சமன்பாடு வெடிக்கும்.

இந்தக் கேள்விக்குக் கருவி தந்த மரபுகளில் மூத்தது லுவோவைச் சேர்ந்த ஷௌடருடையது. 1930-இல் வந்த அவருடைய நிலைப்புள்ளித் தேற்றமும், 1934-இல் லெரேயுடன் சேர்ந்து எழுதியதும் தீர்வு உண்டு என்று சொல்லும். அது வெறும் பூச்சியத் தீர்வாகவும் இருக்கலாம். இந்தக் குறையைத் தீர்த்தவர் வொரோனெஷில் பணியாற்றிய கிராஸ்னோசெல்ஸ்கி. மிகைச் சார்புகளின் கூம்புக்குள் சிறிதும் பெரிதுமாக இரண்டு எல்லைகள். சார்பைச் சார்பாக மாற்றும் செயலி ஒன்றில் சுருக்கி மற்றதில் விரித்தால், இடையே ஒரு நிலைப்புள்ளி இருந்தே தீரும். அது பூச்சியமாக இருக்க வழியில்லை. அவருடைய 1962-ஆம் ஆண்டு நூலை இன்றுவரை எல்லோரும் கடன் வாங்குகிறார்கள்.

முனைகளோடு நில்லாமல் உட்புள்ளிகளையும் நிபந்தனைக்குள் இழுத்தவர்கள் இலினும் மொய்சேயெவும் (1987). 1992-இல் குப்தா மூன்று புள்ளிக் கணக்கை நேரிலாச் சமன்பாடுகளுக்குக் கொண்டுவந்தார். 1999-இல் லான்ஜோவின் ருயுன் மா அதற்கு மிகைத் தீர்வு கண்டார். அதில் எனக்குப் பிடித்தது ஒரு சின்ன வாதம். இடமுனையில் தீர்வு பூச்சியம். வலமுனையில் அதன் மதிப்பு நடுப்புள்ளி மதிப்பின் ஏதோ ஒரு மடங்கு. தீர்வின் வளைவு வில்லைப் போல மேலே புடைத்திருப்பதால், இடமுனையிலிருந்து நடுப்புள்ளி வழியே போகும் நேர்கோட்டை அதன்பின் தாண்டாது. எனவே மடங்கு 2-ஐ மீறினால் மிகைத் தீர்வே கிடையாது. படம் போட்டால் பள்ளி மாணவருக்கும் புரியும்.

தரத்துக்கு உரைகல் டாலியாஃபெரோவின் 1979-ஆம் ஆண்டுக் கட்டுரை. தேடும் சார்பு பகுதியில் வரும் சமன்பாட்டின் குணகத்தை இரு முனைகளிலிருந்தும் உள்ள தூரங்களால் பெருக்கித் தொகையிட வேண்டும். விடை முடிவுள்ளதானால் தீர்வு உண்டு, இல்லையேல் இல்லை. குணகம் முனையருகே தூரத்தின் 3/2 அடுக்குக்குத் தலைகீழாக ஏறினால் தீர்வு பிழைக்கும். அடுக்கு 2 ஆனால் பிழைக்காது. தேவையான நிபந்தனையும் போதுமான நிபந்தனையும் ஒன்றேயான இந்தக் கூர்மை பின்வந்த பல கட்டுரைகளில் இல்லை. மூன்று புள்ளியைப் பல புள்ளியாக்குவார்கள், பிறகு தொகையீடாக்குவார்கள். நிபந்தனை நீளும், புதிதாக ஒன்றும் தெரியவராது.

சென்னை ஐ.ஐ.டி.யில் முனைவர் பட்டம் பெற்ற ரவி அகர்வாலும் அயர்லாந்தின் ஓ'ரீகனும் வெடிக்கும் சமன்பாடுகளுக்கு முறையான வழி வகுத்தார்கள். முனை மதிப்பைப் பூச்சியத்திலிருந்து சற்றே உயர்த்தித் தீர்ப்பது, பிறகு அந்த உயரத்தை மெல்லக் குறைத்து எல்லைக்குப் போவது. போகும் வழியில் தீர்வுகள் பூச்சியத்தில் சரியாமல் தாங்க ஒரு கீழ்வரம்பு வேண்டும். பாடுபட வேண்டிய இடம் அதுதான். இரவல் நிறுவல்களில் அது ஒரே வரியில் முடிந்துவிடும். நான் பென்சிலை எடுப்பது அந்த வரியில்தான்.