யாழ்நூலும் யாழிசை ஆர்வலரும்

யாழ் தமிழர்க்குரிய பழைய இசைக்கருவிகளுள் தலைசிறந்தது. அதன் உறுப்பும் நரம்பும் பத்துப்பாட்டிலும் சிலப்பதிகாரத்தினும் பேசப்படுகின்றன. பேரியாழுக்கு 21, மகரயாழுக்கு 19, சகோடயாழுக்கு 14, செங்கோட்டியாழுக்கு 7 என நரம்பின் தொகையும் அடியார்க்குநல்லார் உரையாற் பெறப்படும். ஆயினும் கருவி வழக்கு வீழ்ந்து பன்னூற்றாண்டுகள் கழிந்தன. அண்மை ஆண்டுகளில் இசையார்வமுடைய இளைஞர் சிலர் யாழினைப் புதிதாகச் செய்து, தாமே மீட்டி, பிறர்க்கும் பயிற்றி வருகின்றனர். இதனை வீண்முயற்சி என்று இகழ்வாரும் உளர். சங்கப்பாணர் இசைத்த இசை இதுவே என்று முழங்குவாரும் உளர். இவ்விரு கூற்றும் பொருந்துமா என்பதை, இம்முயற்சிக்கெல்லாம் முதல்நூலாய் நிற்கும் யாழ்நூலைக் கொண்டு ஆராய்தல் தகும்.

யாழ்நூல் விபுலானந்த அடிகள் 14 ஆண்டுகள் ஆராய்ந்து இயற்றியது. கரந்தைத் தமிழ்ச்சங்கத்தால் 1947-ஆம் ஆண்டு வெளியிடப்பெற்றது. பாயிரவியல், யாழுறுப்பியல், இசைநரம்பியல், பாலைத்திரிபியல், பண்ணியல், தேவாரவியல், ஒழிபியல் என ஏழியல்களால் நடப்பது. அடிகள் இசைத்தொழிற் குடியிற் பிறந்தவரல்லர். இயற்கை விஞ்ஞானமும் கணிதமும் பயின்ற துறவியார். ஆர்வமொன்றே முதலாக இத்துறையிற் புகுந்தார். உரைகளில் மயங்கிக் கிடந்த நரம்படைவுகளைக் கணக்கால் ஒழுங்குசெய்து, பாலைகள் ஒன்றினொன்று பிறக்குமாற்றைத் தெளிவித்தமை இந்நூலின் அழியாப் பெருமையாம்.

எனினும் ஒன்று கருதற்பாலது. தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் 1917-ல் வெளியிட்ட கருணாமிர்தசாகரத்தில், ஒரு தானத்துச் சுருதி 24 என்று நாட்டினார். விபுலானந்த அடிகளோ அலகு 22 என்று கொண்டார். இருவர்க்கும் சிலப்பதிகாரமே சான்று, இருவரும் கணக்கில் வல்லுநர், முடிபோ இரண்டாயிற்று. இதனாற் பெறப்படுவது யாது? ஏடும் எண்ணும் இசையை எல்லைகாட்டி நிறுத்துமேயன்றி, அதனை முற்றத் தாரா என்பதே. தீர்ப்பளித்தற்கு உரியது செவி. அச்செவிக்கு ஒலி வேண்டும். ஒலிக்குக் கருவி வேண்டும். கருவிக்கு அதனை விரும்பி மீட்டுவார் வேண்டும். ஆகலின் ஆர்வலர் முயற்சியை வீண் என்றல் பொருந்தாது.

இனி, முழங்குவார் கூற்றை நோக்குக. மேலைநாட்டிலும் இத்தகைய முயற்சி நிகழ்ந்ததுண்டு. ஆர்னால்ட் டோல்மெட்ச் என்பார் வழக்கொழிந்த பழைய நரம்புக்கருவிகளையும் குழல்களையும் இங்கிலாந்திற் செய்து, தம் குடும்பத்தாருடன் இசைத்து, 1925-ல் ஹேசில்மியர் என்னும் ஊரில் இசைவிழாவும் தொடங்கினார். ஆனால் அவர் கையில், அப்பழைய பாட்டுக்களைச் சுரக்குறியோடு வரைந்த சுவடிகள் இருந்தன. நமக்குப் பண்ணின் பெயரும் இலக்கணமும் உள. பாணர் மீட்டிய மெட்டினைச் சுரப்படுத்திய ஏடு இல்லை. கருவியைச் செய்துகொண்ட அளவிற் பழைய இசை மீண்டதென்றல், வீட்டைக் கட்டியவுடன் குடியிருந்தாரும் வந்தனர் என்பது போலும்.

அங்ஙனமாயின் நமக்குச் சான்றே இன்றோ எனின், உண்டு. அஃது ஓதுவார் மிடற்றில் உளது. தஞ்சைப் பெரியகோயிலில் முதல் இராசராசன் திருப்பதியம் விண்ணப்பஞ்செய்ய அமைத்தவர் 50 பேர். அவருள் 48 பேர் பாடுவார், ஒருவர் உடுக்கை வாசிப்பார், ஒருவர் கொட்டிமத்தளம் வாசிப்பார் என்று கல்வெட்டுக் கூறும். அவ்வைம்பதின்மருள் யாழ்வாசிப்பார் குறிக்கப்பட்டிலர். யாழ் துணையின்றியும் பதிகவிசை மிடற்றுவழியே நடந்தமைக்கு இஃதொரு சான்று. தில்லையில் ஏடுகள் கிடைத்த பின்னும் பண்ணடைவு கிடைத்திலது. திருஎருக்கத்தம்புலியூரில் திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த பெண்ணொருத்தி வாயிலாகவே அஃது அமைந்தது எனத் திருமுறைகண்ட வரலாறு கூறும். ஏட்டால் நிரம்பாத குறையை மரபறிந்தார் ஒருவரே நிரப்பினார் என்பது ஈண்டு உன்னத்தகும். இன்று ஓதுவார் கௌசிகத்தைப் பைரவியாகவும் தக்கேசியைக் காம்போதியாகவும் பாடுகின்றனர். நெடுங்காலத்தில் இம்மரபும் திரிபுற்றிருக்கலாம். ஆயினும் அறாது வந்த வாய்மரபு அதுவே. கணக்கும் வாய்மரபும் மாறுகொள்ளுமிடத்து, இரண்டனையும் இசைத்துக் காட்டி ஒப்பிடுதலே நேர்மையாம். மாறுகோளை மறைத்தல் ஆராய்ச்சியன்று.

இவ்விடத்துத் திருத்தருமபுரத்து நிகழ்ச்சி நல்லதோர் அளவுகோலாகும். பாணர் யாழில் இட்டு வாசித்தலாலேயே பதிகவிசை பரவுகின்றதென அவர் சுற்றத்தார் கூறினர். பாணர் உளம் நொந்து விண்ணப்பிக்க, ஆளுடையபிள்ளையார் யாழிலடங்காத பதிகம் ஒன்று பாடியருளினார். வாசிக்கலாற்றாத பாணர் யாழை உடைக்க ஓங்கினார். பிள்ளையார் தடுத்து, கருவியில் வந்த அளவு வாசித்தலே தகும் என்று பணித்தார். இதனுட் பொருள் இரண்டு உள. கருவி திருவருளிசையை முற்றக் கொள்ளாது என்பது ஒன்று. கொள்ளாதென்று கருவியை உடைத்தல் தகாது என்பது மற்றொன்று. முழங்குவார்க்கு முன்னதும், இகழ்வார்க்குப் பின்னதும் விடையாம்.

யாழ்நூல் 1947 சூன் மாதம் திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில் அரங்கேறியது. பிள்ளையார் பாடிய பதிகத்தால் ஓடம் ஆறு கடந்த தலம் அது. அரங்கேற்றியபின் இரண்டு திங்களும் நிரம்பாமுன், சூலை 19-ல் அடிகள் இறையடி எய்தினர். நூலை முடித்தார், அதனைப் பலர் செவியில் ஒலியாக்கும் பணி பிறர்க்கு எஞ்சிற்று. இன்றைய ஆர்வலர் அப்பணியையே மேற்கொண்டுள்ளனர் எனக் கொள்ளல் வேண்டும்.

அவர் செய்யத்தக்கன மூன்று. யூகத்தை யூகம் என்றே சொல்லுதல். ஓதுவாரிடம் அமர்ந்து பண் பயிலுதல். நகர மன்றங்களோடு அமையாது, பாடல்பெற்ற தலங்களில் ஊரார் கேட்க இசைத்தல். செஞ்சியை அடுத்த அனந்தபுரத்தார் போன்ற சிற்றூர் அன்பர், மூவர் பதிகமும் பெற்ற திருவாமாத்தூர்த் திருமுன்னில், ஓதுவார் பாட யாழ் பின்வரக் கேட்பாராயின், யாழ்நூல் தன் பயனை எய்தும். பாட்டு முன்னும் யாழ் பின்னும் ஆதலே பாணர் கொண்ட நெறி. அந்நெறி பிறழாத வரை, புதிய யாழும் பழைய தொண்டே செய்யும்.

திருச்சிற்றம்பலம்.